மலையேறும் முன் நண்பரிடம் சொல்ல வேண்டியவை

மழை பெய்து ஓய்ந்து, அருவிகளில் நீர் நிறைந்து விழும் நாள்களில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. “நண்பர்கள் எல்லோரும் கல்வராயன் மலைக்குப் போகிறார்கள். நானும் போகலாமா டாக்டர்?” இவ்வாறு கேட்பவர்களுள் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் உண்டு, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் உண்டு, வலிப்பு நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை, “போகலாம்” என்பதே. ஆனால் அவ்விடையுடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கூறுகிறோம்: உங்களுடன் ஊர்தியில் வருபவர்களுள் ஒருவருக்கேனும் உங்கள் நோய் என்ன, மருந்து எது, அவசரத்தில் செய்ய வேண்டியது யாது என்பவை தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை ஏன் இன்றியமையாதது என்பதே இவ்விதழின் பாடம்.

நாம் செல்லும் மலை

காணையிலிருந்து திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணத்தில் கல்வராயன் மலையை அடையலாம். 2019-ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை இம்மலை நம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இதன் அடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் இட்டுச் செல்கிறது. பெரியார் அருவி சாலைக்கு அருகிலேயே விழுகிறது. மேகம் அருவியைக் காணச் சிறிது தொலைவு நடக்க வேண்டும். வழியில் குரங்குக் கூட்டங்களையும் பலவகைப் பறவைகளையும் காணலாம்.

சமவெளியின் வெயிலில் உழைத்தவர்களுக்கு இக்குளிர்ச்சி மருந்து போன்றது. நோயுற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய மருந்து, நண்பர்களோடு பழையபடி ஒன்றாக இருக்கிறோம் என்ற நிறைவு. ஆகவே மலைப்பயணத்தைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. சென்றவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

ஒரு நிகழ்ச்சி

எங்களிடம் சிகிச்சை பெறும் ஒருவர், தமக்கு நேர்ந்ததை மற்றவர்களும் அறிய வேண்டும் எனக் கூறி எழுத இசைவளித்துள்ளார். வயது 54, கரும்பும் நிலக்கடலையும் பயிரிடும் விவசாயி. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் உட்கொண்டு வருகிறார். பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்கள் ஒரு வேனில் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். அவருடைய நோய் நால்வருள் ஒருவருக்கும் தெரியாது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டனர். ஆறரை மணிக்கு வழியில் தேநீர் அருந்தியபோது, யாரும் காணாதவாறு அவர் தம் மாத்திரைகளை விழுங்கினார். காலை உணவைக் கச்சிராயபாளையத்தில் உண்பதாகத் திட்டம். அங்கு அவர்கள் நினைத்திருந்த கடை திறக்கப்படவில்லை. “மேலே போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடுவோம், பசி நன்றாக எடுக்கும்” என்று ஒருவர் கூற, மற்றவர்களும் ஒப்புக்கொண்டனர். தமக்கு மட்டும் உணவு வேண்டும் எனக் கேட்க அவருக்குக் கூச்சம். அருவியை அடைந்து, பாறைகளில் ஏறி இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் குளித்தனர்.

பத்தரை மணியளவில் அவர் பாறை மீது தனியே அமர்ந்தார். குளிர்ந்த நீரிலிருந்து வெளிவந்த உடலில் வியர்வை அரும்பியது. கைகள் நடுங்கின. நண்பர்கள் அழைத்தபோது குழறிய குரலில் தொடர்பின்றி ஏதோ கூறினார். எழ முயன்று தள்ளாடினார். அக்குழுவில் இருவர் அன்று காலையிலேயே மது அருந்தியிருந்தமையால், இவரும் அருந்திவிட்டார் என்றே எண்ணினர். “என்னப்பா, எங்களுக்குத் தெரியாமல் எப்போது ஊற்றிக்கொண்டாய்?” என்று ஒருவர் சிரித்தார். அவர் அமர்ந்திருந்த இடத்திலிருந்து ஈரப்பாறையின் விளிம்பு நான்கடி தொலைவில் இருந்தது.

நண்பர்களுள் ஒருவருடைய தாயார் பல்லாண்டுகள் சர்க்கரை நோயுடன் வாழ்ந்தவர். அவருக்கு மட்டும் ஐயம் எழுந்தது. அருகில் சென்றபோது மதுவின் வாடை இல்லை. அவர் நோயாளியை விளிம்பிலிருந்து நகர்த்தி அமர்த்திவிட்டு, அவருடைய பையைத் தேடினார். செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்த மாத்திரை அட்டைகள் கிடைத்தன. பிளாஸ்கில் எஞ்சியிருந்த தேநீரில் சர்க்கரையைக் கூடுதலாகக் கலந்து சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. பின்னர் கையிலிருந்த இட்லியை உண்டார். அன்று அவர் பிழைத்ததற்குக் காரணம், அந்த ஒரு நண்பர் தம் தாயாரிடம் கற்றிருந்த பாடமே.

மறுவாரம் எங்களிடம் வந்தபோது, “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தவர் பின்வருமாறு கூறினார்: “இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கூட்டாளி ஒருவன் இதய நோய் இருக்கிறது என்று சொன்னான். ‘உனக்கு எதற்கு வம்பு, வீட்டிலேயே இரு’ என்று விட்டுவிட்டுப் போனோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.”

இவ்விடை எங்களைச் சிந்திக்கச் செய்தது. நோயை மறைப்பது நோயாளியின் பிழை மட்டுமன்று. சொன்னவரை விலக்கிவைக்கும் வழக்கம் உள்ள இடத்தில்தான் மற்றவர் மறைக்கிறார்.

உடலில் நிகழ்ந்தது என்ன?

இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதை இரத்தச் சர்க்கரைத் தாழ்வு என்கிறோம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையைக் குறைக்கும் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மருந்தை உட்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் அளவு இறங்கும். பாறை ஏறுதலும் நீரில் ஆடுதலும் தசைகளுக்கு வேலை. அவையும் சர்க்கரையைச் செலவழிக்கும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இவ்வாபத்து மிகக் குறைவு. ஆகவே தாம் உட்கொள்ளும் மருந்து எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டறிந்திருத்தல் வேண்டும்.

மூளை தன் இயக்கத்துக்குச் சர்க்கரையையே பெரிதும் நம்பியுள்ளது. அது குறையும்போது முதலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை தோன்றும். அடுத்து குழப்பம், குழறல், தள்ளாட்டம், காரணமற்ற கோபம் ஆகியவை வரும். இறுதியில் வலிப்பும் மயக்கமும் ஏற்படலாம். இடைநிலை அறிகுறிகள் மதுமயக்கத்தை ஒத்திருப்பதே இதிலுள்ள பெரும் இடர். இன்னொன்றையும் நினைவிற்கொள்க: மது, கல்லீரல் சர்க்கரையை வெளியிடும் பணியைத் தடுக்கிறது. எனவே இம்மருந்துகளை உட்கொள்பவர் உணவின்றி மது அருந்தினால், மதுமயக்கமும் சர்க்கரைத் தாழ்வும் ஒன்றாகவே நேரலாம். அப்போது எது எதுவென்று பிரித்தறிய இயலாது.

உடன் இருப்பவர் செய்ய வேண்டியது எளிது. நோயாளி விழித்திருந்து விழுங்க முடிந்தால், 3 தேக்கரண்டிச் சர்க்கரையை அல்லது குளுக்கோஸை நீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் காத்திருந்தும் தெளியாவிடில் மீண்டும் அதே அளவு கொடுக்க வேண்டும். தெளிந்தபின் இட்லி, ரொட்டி போன்ற உணவை உண்ணச் செய்தல் வேண்டும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் முதலுதவிக்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை விரைந்து சேர்வதைத் தாமதப்படுத்தும். நோயாளி நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து, குழப்பத்தின் காரணம் தெரியாதபோது சர்க்கரை கொடுத்துப் பார்ப்பதே நலம். இதனால் அளவு சற்று ஏறினும் தீங்கு சிறிது. கொடாவிடில் நேரும் தீங்கு பெரிது. சர்க்கரை கொடுத்தும் குழறல் நீங்காவிடில், அல்லது முகம் ஒருபுறம் கோணினாலோ ஒரு கை வலுவிழந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

புறப்படும் முன் சொல்ல வேண்டிய ஐந்து

முழு மருத்துவ வரலாற்றையும் எல்லோரிடமும் கூறத் தேவையில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், இயன்றால் இருவரிடம், பின்வரும் ஐந்தைக் கூறினால் போதும்.

1. எனக்குள்ள நோய் இது.
2. நான் உட்கொள்ளும் மருந்துகள் இவை; பையில் இந்த இடத்தில் உள்ளன.
3. எனக்கு ஒவ்வாத மருந்து இது.
4. எனக்கு உடல்நலம் குன்றினால் முதலில் இவ்வாறு தெரியும். உடனே இதைச் செய்யுங்கள்.
5. என் வீட்டாரின் தொலைபேசி எண் இது.

இவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவச் சீட்டின் நகலுடன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது. அது நனையலாம், பூட்டப்பட்டிருக்கலாம். மலையில் பல இடங்களில் தொடர்பும் கிடைப்பதில்லை. ஆதலால் எங்கு செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிச் செல்வதும் கடமை.

மருந்துகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். இன்சுலினை ஊர்தியின் முகப்புத் தட்டில் வெயில்படும்படி வைத்தலாகாது. பனிக்கட்டியின் மீது நேரடியாக வைப்பதும் அதைக் கெடுத்துவிடும். ஈரத்துணி சுற்றிய சிறு டப்பாவில் நிழலில் வைத்தால் ஒருநாள் பயணத்துக்குப் போதுமானது.

இதய நோயாளிகள், வீட்டில் இரண்டு மாடிப் படிகளை நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ இன்றி ஏற முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். முடியவில்லையெனில் பயணத்துக்கு முன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை ஒருவேளையும் தவறவிடக் கூடாது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பெட்டிக்குள் வைக்காமல் உடலோடு வைத்திருங்கள்; தேவைப்படும்போது அமர்ந்த நிலையில் பயன்படுத்துங்கள்.

சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள், வழியில் கழிப்பறை இராது என அஞ்சி அதை விட்டுவிடுகின்றனர். பெண்கள் பலர் அதே காரணத்தால் தண்ணீர் பருகுவதையே நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் தீங்கானவை. மாத்திரையின் வேளையை மாற்றிக்கொள்ள இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழுவில் செல்பவர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள இடத்தில் ஊர்தியை நிறுத்துவதை, யாரும் கேட்க நேராதவாறு, முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

மலைச்சாலையில்

வளைவுகளில் வரும் குமட்டலுக்குக் காரணம், உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று ஒவ்வாமையே. ஊர்தியின் உட்புறத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது மிகுதியாகும். முன் இருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள சாலையை நோக்குவதும், சன்னலைத் திறந்துவைப்பதும், புறப்படும் முன் எளிய உணவை அளவாக உண்பதும் பயன் தரும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையை மலையேறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் உட்கொள்ள வேண்டும். அது உறக்கத்தைத் தருமாதலால் ஓட்டுநர் உட்கொள்ளலாகாது. கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை உட்கொள்ளக் கூடாது.

உயரத்தால் மூச்சு முட்டுமோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். கல்வராயன் மலை அதில் ஏறத்தாழ பாதி உயரமே. காது அடைத்தால் எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரையும் ஒரு கம்பளி ஆடையையும் மறவாமல் எடுத்துச் செல்க.

ஓட்டுநரும் ஒரு மனிதரே. இரவெல்லாம் விழித்திருந்தவரை விடியற்காலையில் மலையேறச் செய்தல் ஊர்தியிலுள்ள அனைவரின் உயிரையும் பணயம் வைப்பதாகும். ஏறிவரும் ஊர்திக்கு இறங்கும் ஊர்தி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வர வேண்டும். பிரேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

அருவியில்

வெயிலில் நின்ற உடல் திடீரெனக் குளிர்ந்த நீரில் புகும்போது, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் உயர்கின்றன, மூச்சுத் திணறுகிறது. இளைஞர்க்கு இது ஒரு சிலிர்ப்பு. இதய நோயாளிக்கு ஒரு சுமை. அவர்கள் கால், கை, முகம் என்று படிப்படியாக நனைத்துப் பழகி, தலைமேல் நேரே விழும் நீரைத் தவிர்த்து, சிறிது நேரத்தில் வெளியேற வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தனியாக நீரில் இறங்கவே கூடாது. அவர்கள் நோயை அறிந்த ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்க வேண்டும். முந்தைய இரவில் உறக்கமின்மையும் தவறவிட்ட மாத்திரையும் வலிப்பை வரவழைக்கும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் பாறையில் நடத்தலாகாது. உடைந்த மதுப்புட்டியின் துண்டு காலில் ஏறியும் அறியாமல் வீடு திரும்பியவர்களுக்கு நாங்கள் சிகிச்சை அளித்துள்ளோம். அப்புட்டிகளை அங்கே உடைத்துவிட்டு வருபவர்கள், மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகளின் கால்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீர் தெளிவாக ஓடும்போதும் மலைமேல் மழை பெய்திருக்கலாம். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நீர் கலங்குதல், சருகும் குச்சியும் அடித்துவருதல், ஓசை மாறுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், உடைமைகளை எடுக்க நில்லாமல் உடனே உயர்ந்த இடத்துக்குச் செல்ல வேண்டும். காவலர் தடுத்த இடத்தில் இறங்குதல், தலைகீழாகக் குதித்தல், மது அருந்திக் குளித்தல் ஆகியவை எவருக்கும் ஆகாதவை. குதித்துக் கழுத்தில் அடிபட்டவரை இழுத்துத் தூக்கினால் தண்டுவடம் சிதையக்கூடும். மூச்சு விட முடியும் நிலையில் நீருக்கு மேலே வைத்து, தலை, கழுத்து, முதுகு ஆகியன ஒரே கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து கரையேற்ற வேண்டும்.

விலங்குகளைக் காணும்போது

மலைச்சாலையில் நாம் முதலில் சந்திப்பது நாட்டுக் குரங்கை. தென்னிந்தியாவுக்கே உரிய இவ்விலங்கு இயல்பாகப் பழமும் இலையும் தின்று வாழ்வது. நாம் எறியும் பிஸ்கட்டே அதைச் சாலையோரத்தில் காத்திருக்கச் செய்கிறது. கொடாதபோது பறிக்கவும் கடிக்கவும் தூண்டுகிறது. உணவு கொடாதீர்கள், உணவுப் பொட்டலத்தைக் கையில் ஏந்தி நடவாதீர்கள், கண்ணோடு கண் நோக்காதீர்கள், குட்டியின் அருகே சென்று படம் எடுக்காதீர்கள்.

குரங்கோ நாயோ கடித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் பூசலாகாது. அன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில், முதல் நாளைத் தொடர்ந்து 3, 7, 28 ஆகிய நாள்களில் மீண்டும் போட வேண்டும். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவைப்படும். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. தோன்றுமுன் தடுத்தல் எளிது. “சின்னக் கீறல்தானே” என்று நண்பர்களிடம் மறைத்த காயமே உயிரைப் பறிக்கக்கூடியது.

பாம்பு கடித்தால், கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை தீமையே செய்யும். பாம்பைத் தேடிப் பிடிக்கவும் வேண்டா. நம் நாட்டில் வழங்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியுள்ளது. அதாவது மருத்துவமனைகள் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

திரும்பிய பின் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

பயணம் வீட்டு வாயிலில் முடிந்துவிடுவதில்லை. அன்றிரவு பாதங்களை விரல் இடுக்கு வரை பார்த்துக்கொள்ளுங்கள். கடின உழைப்புக்குப் பின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடுமாதலால், மருந்து உட்கொள்பவர் இரவு உணவைத் தவிர்க்கக் கூடாது.

புதரும் புல்லும் உள்ள இடங்களில் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வருகிறது. கடித்தபோது வலி தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு போன்ற மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் புண் ஒன்று காணப்படலாம். டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தால் இது குணமாகும். காலம் தாழ்த்தினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும். “இரண்டு வாரத்துக்கு முன் மலைக்குப் போய் வந்தேன்” என்று நோயாளி கூறும் ஒரு வாக்கியம், எங்களைச் சரியான பரிசோதனைக்கு விரைந்து இட்டுச் செல்கிறது. கூச்சத்தால் அப்புண்ணைக் காட்டாதவர்களும் உண்டு. தயவுசெய்து காட்டுங்கள்.

நண்பர்களுக்கு ஒரு சொல்

ஒருவர் தம் நோயை உங்களிடம் கூறினால், அவர் உங்களை நம்புகிறார் என்பதே அதன் பொருள். கேலி செய்யாதீர்கள், “நீ வராதே” என்றும் கூறாதீர்கள். அவருக்காக உணவு நேரத்தை முன்தள்ளினால் அனைவருமே பசியின்றிப் பயணம் செய்வீர்கள். அவருக்காக வேகத்தைக் குறைத்தால் ஊர்தியிலுள்ள அனைவருக்கும் பாதுகாப்பு. பொதுவாக, குழுவில் உடல் வலுக்குறைந்தவரை அளவுகோலாகக் கொண்டு திட்டமிட்ட பயணம் மற்றெல்லோருக்கும் இனியதாகவே அமையும்.

மேலே கூறிய ஐவரும் சென்ற தை மாதத்தில் மீண்டும் கல்வராயன் மலைக்குச் சென்று வந்தனர். இம்முறை ஆறு பேர். வீட்டில் விடப்பட்ட இதய நோயாளியும் மருத்துவரின் இசைவு பெற்று உடன் சென்றார். திருக்கோவிலூரிலேயே எட்டு மணிக்குள் அனைவரும் காலை உணவை உண்டனர். மாத்திரைகளை இருவரும் எல்லோர் முன்னிலையிலும் உட்கொண்டனர். இதய நோயாளி அருவியில் முழுதாக நனையவில்லை. கரையில் அமர்ந்து கால்களை மட்டும் நீரில் வைத்திருந்தார். “அதுவே போதும் டாக்டர்” என்றார் எங்களிடம்.

நினைவில் நிறுத்துவதற்குச் சில கேள்விகள்

பயணத்துக்கு முந்தைய நாள், குடும்பத்தாருடன் அமர்ந்து இவற்றுக்கு விடை கூறிப் பாருங்கள்.

1. என் நோயை அறிந்த நண்பர் ஊர்தியில் எவர்?
2. என் மாத்திரைகளுள் சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடியது எது? காலை உணவு எங்கு, எத்தனை மணிக்கு?
3. குளுக்கோஸும் அவசர மாத்திரையும் என் உடலோடு உள்ளனவா?
4. நீர் கலங்கினால் நாங்கள் எங்கு ஏறி நிற்போம்?
5. குரங்கு கீறினால் முதல் 15 நிமிடத்தில் என்ன செய்வோம்?
6. திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் என்ன கூறுவேன்?

ஆறுக்கும் விடை தெரிந்தால் மகிழ்வுடன் புறப்படுங்கள். ஏதேனும் ஒன்றில் ஐயம் இருப்பின், புறப்படும் முன் ஒருமுறை எங்களிடம் வந்து கேளுங்கள். உங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்.